‘உங்கள் செய்தி அனுப்பப்பட்டது!’ - ஆனால், எங்கே போனது?

பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லி, திருமழிசையைத் தாண்டினால் குத்தம்பாக்கம். 1996-ல் ஆர்.இளங்கோ என்ற கெமிக்கல் இன்ஜினீயர் பஞ்சாயத்துத் தலைவரான பிறகு, வெளியூர்க்காரர்கள் தேடி வந்து பார்த்த கிராமம். இந்தப் பக்கம் திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டை, அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலை. இந்த வட்டாரத்தில் பட்டறை வைத்திருப்பவருக்கு, ‘கொட்டேஷன் கொடுங்க’ என்று வரும் ஒரு மெயில் என்பது இரண்டு மாதச் சம்பளப் பட்டுவாடா.

இங்கே பத்துப் பேர் வேலை பார்க்கும் ஒரு ஷீட் மெட்டல் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு வெப்சைட் போட்டார்கள். அதில் ‘தொடர்புகொள்ள’ என்று ஒரு பக்கம். பெயர், போன் நம்பர், மெயில் முகவரி, விவரம் என நான்கு கட்டங்கள், கீழே ‘அனுப்பு’ பட்டன். ஆரம்பத்தில் மாதத்துக்கு மூன்று நான்கு என்கொயரி வந்தது. போன வருடம், செல்போனில் பார்க்க வசதியாக இருக்கும் என்று மெயிலை மட்டும் வேறொரு கம்பெனியின் சேவைக்கு மாற்றினார்கள். அதன்பிறகு வெப்சைட் வழியாக ஒன்றுகூட வரவில்லை. பழைய வாடிக்கையாளர்கள் நேரடியாக அனுப்பும் மெயில்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ‘மார்க்கெட் டல்’ என்று நினைத்துக்கொண்டார் முதலாளி.

ஒருநாள் ஓசூரிலிருந்து போன். “சார், உங்க வெப்சைட்ல மூணு தடவை என்கொயரி போட்டேன். ஒரு பதில்கூட இல்லை. சரி, இவங்களுக்கு வேலை நிறைய இருக்கு போலன்னு வேற இடத்துல ஆர்டர் கொடுத்துட்டோம். அடுத்த தடவையாவது பதில் போடுங்க சார்.”

முதலாளி, வெப்சைட் செய்துகொடுத்த பையனைக் கூப்பிடுகிறார்.

“தம்பி, நம்ம ஃபார்ம் வேலை செய்யலையாமே?”

“இல்லியே அண்ணே, இப்பதான் போட்டுப் பார்த்தேன். ‘நன்றி, உங்கள் செய்தி அனுப்பப்பட்டது’ன்னு பச்சைக் கட்டத்துல வருதே!”

ஓசூர்க்காரர் சொன்னதும் உண்மை. பையன் சொன்னதும் உண்மை. குழப்பமே இங்கேதான் இருக்கிறது.

கடைக்கு போன் செய்து மணி அடித்து யாரும் எடுக்கவில்லை என்றால், கூப்பிட்டவருக்குத் தெரியும். ‘மிஸ்டு கால்’ என்று கடைக்காரருக்கும் தெரியும். வெப்சைட் ஃபார்ம் அப்படியில்லை. அது கெட்டுப்போனால் இரண்டு பக்கமும் சத்தமே இருக்காது. கேட்டவர், ‘பதில்கூடப் போடாத ஆட்கள்’ என்று முடிவுகட்டுவார். கடைக்காரர், ‘யாருமே கேட்கவில்லை’ என்று நம்பிக்கொண்டிருப்பார். பட்டறை என்றில்லை, பள்ளிக்கூட அட்மிஷன், கிளினிக் அப்பாயின்ட்மென்ட், கல்யாண மண்டப புக்கிங், முதியோர் இல்லத்துக்கு நன்கொடை கொடுக்க விரும்புகிறவரின் விசாரிப்பு என எல்லாமே இந்த நான்கு கட்டங்கள் வழியாகத்தான் போகின்றன.

பெட்டியில் போட்டாச்சு, அவ்வளவுதான்!

அந்தப் பச்சைக் கட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ‘மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது’ என்று அது சொல்லவில்லை. ‘தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்’ என்று மட்டும்தான் சொல்கிறது.

பெரும்பாலான சிறு வெப்சைட்கள் பி.ஹெச்.பி என்ற மொழியில் இயங்குகின்றன. வேர்டுபிரஸ்ஸும் அதில் எழுதப்பட்டதுதான். அந்த மொழியில் மெயில் அனுப்ப ஒரு கட்டளை உண்டு. அது, வெப்சைட் இருக்கும் சர்வரிலேயே உள்ள அஞ்சல் மென்பொருளிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, ‘வாங்கிக்கொண்டார்கள்’ என்று பதில் சொல்லும். வாங்கிக்கொண்டது என்பதாலேயே கடிதம் உரியவருக்குப் போய்ச் சேரும் என்று அர்த்தமில்லை என பி.ஹெச்.பி-யின் கையேடே எச்சரிக்கிறது. அந்த ‘வாங்கிக்கொண்டார்கள்’ என்ற ஒற்றை வார்த்தையை வைத்துத்தான் ஃபார்ம் நமக்கு நன்றி சொல்கிறது.

பிறகு நடப்பது கண்ணுக்குத் தெரியாத பயணம். எதிர்முனை அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பினாலும், அது பட்டறை முதலாளிக்கு வராது. சர்வரில் யாருமே திறந்து பார்க்காத ஒரு கணக்கின் பெட்டிக்குப் போய் விழும். காரணம் எழுதிய சீட்டு அங்கே கிடக்கும், படிக்க ஆள் இருக்காது.

அனுப்புநர்: யாரோ!

ஃபார்ம் மெயில்கள் திருப்பி அனுப்பப்படுவதற்கு முக்கியமான காரணம், அவை பொய் முகவரியோடு போவதுதான். வேண்டுமென்று சொல்லும் பொய் அல்ல. பழக்கத்தால் வந்த பொய்.

மெயில் அனுப்பும் விதிமுறையான எஸ்.எம்.டி.பி-யை ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டது 1982-ல். அப்போது இணையத்தில் இருந்தவர்கள் சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஒருவரை ஒருவர் தெரிந்த கிராமம் மாதிரி. அதனால் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை எழுதினாலும், ‘நீ அவர்தானா?’ என்று கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை.

1995-ல் அமெரிக்காவில் பள்ளி மாணவராக இருந்த மேட் ரைட், ‘ஃபார்ம்மெயில்’ என்ற சின்ன நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். வெப்சைட்டில் நிரப்புவதை மெயிலாக அனுப்பும் வேலையை உலகமெங்கும் பரப்பியது அதுதான். அதன் பழைய பதிப்புகளில் ஓர் ஓட்டை இருந்தது. ஃபார்மை ஏமாற்றி, யாருக்கு வேண்டுமானாலும் மெயில் அனுப்ப வைக்கலாம். விளம்பரக் குப்பை அனுப்புகிறவர்கள் விடுவார்களா? ஊர் ஊராக ஃபார்ம்மெயில் உள்ள சர்வர்களைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஃபார்ம் வழியாக வரும் மெயில் என்றாலே மெயில் கம்பெனிகள் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியதில் இதற்கும் பங்கு உண்டு.

இன்னொரு வழக்கமும் பரவியது. ஓசூர்க்காரர் தன் யாஹூ முகவரியைக் கட்டத்தில் நிரப்புகிறார் இல்லையா? ஃபார்ம் அதையே அனுப்புநர் முகவரியாகப் போட்டு மெயில் அனுப்பும். முதலாளி ‘ரிப்ளை’ தட்டினால் நேரே அவருக்குப் போகுமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்த மெயில் யாஹூவிலிருந்து கிளம்பவில்லை. எங்கோ ஒரு வாடகை சர்வரிலிருந்து கிளம்புகிறது. 2014 ஏப்ரலில் யாஹூ, ‘எங்கள் பெயரில் வேறு இடத்திலிருந்து வரும் மெயில்களை நிராகரியுங்கள்’ என்று உலகத்துக்கு அறிவித்தது. அன்றுவரை ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ ஃபார்ம்கள் ஒரே நாளில் ஊமையாகின. யாரும் எதையும் மாற்றவில்லை, ஆனாலும் நின்றுபோனது. இன்றைக்கும் பழைய ஃபார்ம்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இதற்கு மருந்து எளிது. அனுப்புநர் இடத்தில் உங்கள் சொந்த டொமைன் முகவரி இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் முகவரியை ‘ரிப்ளை-டு’ என்ற தனிக் கட்டத்தில் போட வேண்டும். பதில் அனுப்பும் வசதியும் போகாது, பொய்யும் இருக்காது.

காவலாளி கேட்கும் மூன்று கேள்விகள்

கிராமம் நகரமானால் கேட்டுக்குக் காவலாளி வந்துவிடுவார். மெயிலுக்கும் வந்தார். அவர் மூன்று விஷயங்கள் கேட்கிறார்.

முதலாவது எஸ்.பி.எஃப். ‘எங்கள் கம்பெனி பெயரில் மெயில் கொண்டுவர இந்த சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி’ என்று டொமைன் உரிமையாளர் எழுதி வைக்கும் பட்டியல். இது டி.என்.எஸ் என்ற பொதுப் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கும். இங்கே நிறைய பேர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மெயிலுக்கு ஒரு சேவை, விளம்பர மெயிலுக்கு வேறு சேவை என்று வாங்கும்போது, ஒவ்வொருவரும் கொடுத்த எஸ்.பி.எஃப் வரியைத் தனித்தனியாக ஒட்டிவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப் வரிதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. எல்லா அனுமதிகளையும் ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும்.

இரண்டாவது டிகிம். அந்தக் காலத்துக் கடிதத்தில் அரக்கு முத்திரை வைப்பதைப் போல, மெயிலில் ஒரு டிஜிட்டல் கையெழுத்து. வழியில் யாரும் திருத்தவில்லை என்பதற்குச் சாட்சி.

மூன்றாவது டிமார்க். ‘மேலே சொன்ன இரண்டிலும் தேறாத மெயில் எங்கள் பெயரில் வந்தால் என்ன செய்வது? விட்டுவிடவா, ஸ்பேமில் போடவா, வாசலிலேயே திருப்பி அனுப்பவா?’ என்பதற்கு உரிமையாளர் கொடுத்துவைக்கும் உத்தரவு. யாஹூ 2014-ல் பயன்படுத்தியது இதைத்தான்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் பிடியை இறுக்கின. ஒரு நாளைக்கு 5,000 மெயில்களுக்கு மேல் ஜிமெயில்காரர்களுக்கு அனுப்புகிறவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். ‘நாம எங்கே ஐயாயிரம் அனுப்பறோம், மாதம் நாலுதானே’ என்று சும்மா இருந்துவிட முடியாது. எஸ்.பி.எஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது நான்கு மெயில் அனுப்புகிறவருக்கும் சேர்த்துத்தான். இல்லாவிட்டால் ‘550 5.7.26’ என்ற எண்ணோடு ஜிமெயில் திருப்பி அனுப்பும். சர்வர் பதிவேட்டில் இந்த எண்ணைப் பார்த்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதே இல்லை. அனுப்பியவர் யார் என்று நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் அதன் பொருள்.

பாஸ்வேர்டும் பழைய போட்டோக்களும்

தொழில்நுட்பமே இல்லாத காரணங்களும் நிறைய. சொல்லப்போனால், மனிதர்களால் வரும் தடங்கல்தான் அதிகம் அலைக்கழிக்கும்.

வெப்சைட் செய்தவர் சோதனைக்காகத் தன் சொந்த ஜிமெயிலைப் பெறுநராகப் போட்டு, மாற்ற மறந்துபோவார். உங்கள் என்கொயரி எல்லாம் அவர் பெட்டியில் சேரும். வேலையை விட்டுப் போன மேனேஜரின் முகவரிக்கே ஃபார்ம் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஜிமெயில் கணக்கை இணைத்து அனுப்பும் ஃபார்மில் வேறு சிக்கல். வழக்கமான பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து வெளி மென்பொருள்கள் நுழைவதை, சாதாரணக் கணக்குகளுக்கு 2022 மே 30-லிருந்து கூகுள் நிறுத்திவிட்டது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள ‘ஆப் பாஸ்வேர்டு’ ஒன்றை வாங்கி ஃபார்மில் போட வேண்டும். அதைப் போட்டாலும் நிரந்தரம் இல்லை. வீட்டில் யாராவது பாதுகாப்புக்காக கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால், பழைய ஆப் பாஸ்வேர்டுகள் ரத்தாகிவிடும். மகள் அக்கறையாகப் பாஸ்வேர்டு மாற்றிய அன்று அப்பாவின் வெப்சைட் வாயை மூடிக்கொள்ளும். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்குத் தோன்றும்?

இடப் பற்றாக்குறை இன்னொன்று. இலவச கூகுள் கணக்கில் மெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி-தான். தொழிலுக்கும் வீட்டுக்கும் ஒரே கணக்கு என்றால், பேரனின் பிறந்தநாள் வீடியோக்கள் அந்த இடத்தை நிரப்பிவிடும். நிரம்பிய கணக்குக்கு மெயில் வராது.

கொஞ்சம் பெரிய கம்பெனிகள் கூகுள், அமேசான் கிளவுடில் சொந்த சர்வர் எடுக்கும்போது, 25 என்ற எண்ணுள்ள வழியில் மெயில் அனுப்பப் பார்ப்பார்கள். குப்பை மெயிலைத் தடுக்க அந்த வழியை அவர்கள் முதலிலேயே அடைத்திருப்பார்கள். 587 அல்லது 465 வழியாக, பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து அனுப்புவதுதான் முறை. மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் வேறு தலைவலி. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான வெப்சைட்கள் குடியிருக்கும். பக்கத்துப் போர்ஷன்காரர் குப்பை மெயில் அனுப்பினால், சர்வர் முகவரியே கறுப்புப் பட்டியலில் ஏறும். நீங்களும் அதே முகவரிதானே!

தமிழுக்கென்று ஒரு தனிப் பிரச்னையும் உண்டு. பி.ஹெச்.பி-யில் மெயில் அனுப்பப் பரவலாகப் பயன்படும் பி.ஹெச்.பி மெயிலர், எழுத்துக் குறியீட்டைத் தனியாகச் சொல்லாவிட்டால் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியீட்டையே எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் ‘வணக்கம்’ என்று தமிழில் எழுதினால், தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும் விசித்திரக் குறிகளுமாக வந்து சேரும். பார்ப்பவர் வைரஸ் என்று பயந்து அழித்துவிடுவார். ‘யு.டி.எஃப்-8’ என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். வேர்டுபிரஸ்ஸில் இது ஏற்கெனவே இருக்கிறது; கையால் எழுதிய ஃபார்ம்களில்தான் விடுபட்டுப்போகும். வெப்சைட் செய்பவர்கள் ஆங்கிலத்தில் ‘டெஸ்ட்’ என்று அடித்துப் பார்த்துவிட்டுப் போவதால் இது கண்ணில் படுவதே இல்லை. தமிழில் அடித்துச் சோதியுங்கள்.

பட்டறை ஃபார்முக்கு என்ன ஆச்சு?

இப்போது குத்தம்பாக்கம் பட்டறைக்கு வருவோம். நேரடி மெயில் வருகிறது, ஃபார்ம் மெயில் மட்டும் வரவில்லை, ஸ்பேம் பெட்டியிலும் இல்லை. இது ஒரு முக்கியமான துப்பு. பெறுநர் முகவரி சரிதானா என்று பார்த்தாகிவிட்டது. பையன் அதே ஃபார்மில் பெறுநர் முகவரியைத் தன் ஜிமெயிலாக மாற்றி அனுப்பிப் பார்க்கிறான். உடனே வந்துவிடுகிறது! அப்படியானால் சர்வரால் மெயில் அனுப்ப முடிகிறது. வெளியே போகிறது, சொந்த முகவரிக்கு மட்டும் போகவில்லை.

காரணம் இதுதான். முன்பு வெப்சைட்டும் மெயிலும் ஒரே சர்வரில் இருந்தன. மெயிலை மட்டும் வேறு கம்பெனிக்கு மாற்றியபோது, உலகத்துக்கெல்லாம் புது முகவரி தெரிந்துவிட்டது. பழைய சர்வருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ‘இந்த டொமைனுக்கு வரும் மெயில் நம் வீட்டுக்குள்தானே’ என்று அது வாசலைத் தாண்டாமலே உள்ளே வைத்துக்கொள்கிறது. சி-பேனல் உள்ள ஹோஸ்டிங்கில் ‘ஈமெயில் ரவுட்டிங்’ என்ற பகுதிக்குப் போய், ‘லோக்கல்’ என்றிருப்பதை ‘ரிமோட்’ என்று மாற்ற வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதற்கு முன்பு போன ஒரு வருட மெயில்களுக்குத்தான் விலை கிடையாது.

உங்கள் ஃபார்ம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க இன்ஜினீயர் ஆக வேண்டியதில்லை. உங்கள் வெப்சைட்டுக்கு வாடிக்கையாளர் மாதிரி போய், ஒரு ஜிமெயில் முகவரி, ஒரு வேறு முகவரி என இரண்டு முறை நிரப்பி அனுப்புங்கள். வேர்டுபிரஸ்ஸில் அதிகம் பேர் வைத்திருக்கும் ‘கான்டாக்ட் ஃபார்ம் 7’ என்றால், கட்டத்தின் நிறமே பேசும். சிவப்பு வந்தால் சர்வரால் அனுப்பவே முடியவில்லை. ஆரஞ்சு வந்தால் ஸ்பேம் என்று ஃபார்மே தடுத்துவிட்டது. பச்சை வந்தும் மெயில் வராவிட்டால் சிக்கல் வழியில் இருக்கிறது. மெயில் ஜிமெயிலுக்கு வந்தால், கம்ப்யூட்டரில் அதைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதை அழுத்துங்கள். எஸ்.பி.எஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேராக ‘பாஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். செல்போன் ஆப்பில் இந்த வசதியைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரிசெய்வதற்கு வெப்சைட்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான். ஃபார்ம் மெயில்களை சர்வரின் பொதுவான வழியில் விடாமல், பாஸ்வேர்டோடு கூடிய எஸ்.எம்.டி.பி மூலம் சொந்த மெயில் கணக்கிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள். வேர்டுபிரஸ்ஸில் இதற்கு இலவச பிளக்-இன்கள் இருக்கின்றன. டி.என்.எஸ் வரிகளை மாற்றினால் எல்லா இடத்துக்கும் பரவ ஓரிரு நாள் ஆகலாம், அவசரப்பட்டு மறுபடி மாற்ற வேண்டாம்.

இரண்டாவது இதைவிட முக்கியம். மெயில் போனாலும் போகாவிட்டாலும், ஒவ்வொரு என்கொயரியும் வெப்சைட்டிலேயே பதிவாக வேண்டும். கான்டாக்ட் ஃபார்ம் 7 தானாக எதையும் சேமிக்காது. மெயில் தொலைந்தால் விவரமும் போச்சு. அதே ஆசிரியரின் ‘ஃபிளமிங்கோ’வைச் சேர்த்தால் எல்லாம் சேமிக்கப்படும். மளிகைக் கடையில் பில் புத்தகத்தில் கார்பன் வைப்பது மாதிரி இது. கார்பன் இல்லாத ஃபார்மை வாங்கவே கூடாது. ஆனால் பெயர், போன் நம்பர் எல்லாம் அதில் சேருவதால், பார்க்கும் உரிமை யாருக்கு என்பதையும் சேர்த்தே முடிவுசெய்யுங்கள். ஃபார்முக்குக் கீழே ஒரு போன் நம்பரும் இருக்கட்டும். மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கிறோம், மின்கட்டணக் கணக்குப் பார்க்கிறோம். அன்றைக்கே ஃபார்மில் ஒரு ‘வணக்கம்’ போட்டுப் பார்த்துவிடலாம்.

ரவுட்டிங்கை மாற்றிய பையன் பழைய ஹோஸ்டிங்கின் வெப்மெயிலுக்குள் நுழைந்து பார்ப்பான். அங்கே பழைய மெயில் பெட்டி அழிக்கப்படாமல் இருந்தால், ஒரு வருடமாக உள்ளேயே தங்கிய என்கொயரிகள் தேதி வாரியாக வரிசையில் இருக்கும். அவற்றில் ஓசூர்க்காரரின் மூன்று மெயில்களும் இருக்கும். 

“அண்ணே, மொத்தம் நாப்பத்தொண்ணு இருக்கு. எதிலேருந்து ஆரம்பிக்கலாம்?”

“போன் நம்பர் இருக்கறதை எல்லாம் தனியா எழுது தம்பி. ஓசூருக்கு நானே பேசறேன்.”